மேடைப் பதிவுகளும் இசையின் மெய்யுருவும்

இசைக் கலைஞர் ஒருவரின் முழு ஆற்றலை அறிய விழைவோர் நாட வேண்டியது நிறுவனம் வெளியிட்ட இசைத்தட்டையா, அரங்கில் இரசிகர் பதிந்த ஒலிநாடாவையா? மதுரை மணி ஐயரின் (1912–1968) இசை இவ்வினாவிற்குத் தக்க விடை பகர்கின்றது.

அக்காலத்து 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். மணி ஐயரின் தனிச்சிறப்போ கற்பனைச் சுரம். சிக்கலான கணக்குகளை நாடாது, தாளத்தின் இயல்பான நடையோடு ஒழுகும் 'சர்வலகு' முறை அவருடையது. சிறு துளியாய்த் தொடங்கிப் பெருக்கெடுக்கும் அச்சுர வெள்ளத்தை மூன்று நிமிடச் சிமிழில் அடைத்தல் இயலுமோ? அவர் பாடியனவாக இன்று கேட்கப்படுவனவற்றுள் பெரும்பகுதி கச்சேரிப் பதிவுகளாய் இருப்பதன் பொருத்தம் இதனால் விளங்கும்.

அப்பதிவுகளில் இரைச்சலும் இருமலும் உண்டு. பாட்டு நடுவே அறுபடுவதும் உண்டு. ஆயினும் பாடுவோர், பக்கவாத்தியம், அவையோர் ஆகிய மூவரும் ஒருவரையொருவர் தூண்டி எழுப்பும் உயிர்ப்பு அங்கேதான் கேட்கின்றது. குறை நீக்கிய தட்டில் அவ்வுயிர்ப்பைக் காண்டல் அரிது.

மேலைநாட்டு 'ராக்' இசையிலும் இந்நிலை உண்டு. 1970 செப்டம்பர் 4 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் ஃபோரம் அரங்கில் 'லெட் செப்பெலின்' குழு வாசித்ததை அவையிலிருந்தோர் மறைவாகப் பதிந்தனர். அப்பதிவு 'லைவ் ஆன் புளூபெரி ஹில்' என்னும் பெயரில் திருட்டுத் தட்டாக விலைபோயிற்று. குழுவினரே மேடைப் பதிவை வெளியிட்டது 1976இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர்தம் மேடைத் திறனுக்குச் சான்றாய் நின்றவை இத்தகைய கள்ளப் பதிவுகளே. எனினும் விற்றவர் ஈட்டிய பொருளில் கலைஞருக்குப் பங்கில்லை. கலையைக் காத்தல் வேறு. கலைஞரின் உழைப்பைக் களவாடல் வேறு. இசைவின்றி விற்பதை இரசனையின் பெயரால் நியாயப்படுத்தல் தகாது.

பதிந்தோர்க்குக் கடமை ஒன்றும் உண்டு. இடம், நாள், பக்கவாத்தியம் வாசித்தோர் பெயர் ஆகியவற்றைக் குறிக்காத நாடா, முகவரியற்ற மடலை ஒக்கும். பாக்கார் ஆராங் முதலிய கெடா மாநில ஊர்களில், திருவிழா மேளமும் உருமியும் பதிந்த நாடாக்கள் எவர் இல்லத்துப் பெட்டியிலேனும் உறங்கக்கூடும். நாடா நாளடைவில் நைந்துபோகும். வாசித்தோரை அறிந்த முதியோரும் மறைவர். அவர்கள் இருக்கும்போதே கேட்டுப் பெயரெழுதி, கணினியில் படியெடுத்து வைப்பதே அவ்விசைக்குச் செய்யும் முதல் மரியாதை.