செய்தி வடிவில் வாழ்த்து: வேட்பாளர் குறித்த நாளிதழ்ப் பதிவுகளின் கூற்றுமுறை

தேர்தல் காலத்தில் வேட்பாளரைப் புகழ்ந்தெழுதுதல் புதிதன்று. அதுவே குற்றமும் ஆகாது. தலையங்கம் ஒருவரை ஆதரிக்கலாம். விளம்பரம் வாக்குக் கேட்கலாம். இவ்விரண்டிலும் பேசுபவர் யார் என்பதை வாசகர் அறிவர். புகழ்ச்சி செய்தியின் வடிவை மேற்கொள்ளும்போதுதான் சிக்கல் தோன்றுகிறது. 2009ஆம் ஆண்டு மகாராட்டிரச் சட்டமன்றத் தேர்தலையொட்டி வெளிவந்த பதிவுகளை முன்வைத்து, தொல்காப்பியம் செய்யுளுறுப்புகளாகச் சுட்டும் கூற்று, கேட்போர் ஆகியவற்றின் துணையுடன் இச்சிக்கலை இக்கட்டுரை ஆராய்கிறது.

பதிவுகளின் இயல்பு

அத்தேர்தலில் அன்றைய முதலமைச்சர் அசோக் சவாண் போகர் தொகுதியில் போட்டியிட்டார். மராத்தி நாளிதழ்களில் அவரைப் போற்றும் முழுப்பக்கப் பதிவுகள் பல வெளிவந்தன. ஒன்றோடொன்று போட்டியிடும் இதழ்களில் ஒரே கட்டுரை சொல் மாறாமல் இடம்பெற்றதைப் பி. சாய்நாத் 2009 நவம்பரில் 'தி இந்து' இதழில் வெளிப்படுத்தினார். 'விளம்பரம்' என்னும் குறிப்பு அப்பதிவுகளில் இல்லை. நாளிதழ் விளம்பரத்திற்கெனச் சவாண் கணக்கில் காட்டிய தொகை 5,379 ரூபாய். பணம் கொடுத்துச் செய்தி வெளியிடச் செய்ததாக எழுந்த குற்றச்சாட்டை அவர் மறுத்தார்.

கூற்றும் கேட்போரும்

இந்தியப் பத்திரிகை மன்றத்திற்காகப் பரஞ்சாய் குகா தாக்குர்தா, கே. சீனிவாச ரெட்டி ஆகிய இருவரும் 2010இல் அளித்த அறிக்கை இத்தகைய பதிவுகளின் இரு அடையாளங்களைச் சுட்டுகிறது. ஒன்று, ஒரே கட்டுரை வெவ்வேறு இதழ்களில் வெவ்வேறு எழுத்தாளர் பெயர்களில் வருதல். மற்றொன்று, ஒரே பக்கத்தில் எதிரெதிர் வேட்பாளர் இருவருமே வெல்வர் எனத் தனித்தனியே எழுதப்படுதல்.

முதலாவது, கூற்றுக்குரியோர் மறைக்கப்படுவதைக் காட்டுகிறது. பெயருக்குரிய செய்தியாளர் கண்டு எழுதியதாக வாசகர் நம்புகின்றனர், சொற்களோ வேறொருவருடையவை. இரண்டாவது, கேட்போர் பிளவுபடுத்தப்படுவதைக் காட்டுகிறது. ஒவ்வொரு பதிவும் தன் வேட்பாளரின் ஆதரவாளரை மட்டுமே நோக்கிப் பேசுகிறது. பக்கம் முழுவதையும் படிக்கும் வாசகர் கருத்தில் கொள்ளப்படவில்லை.

தலைப்பும் இங்கு நோக்கத்தக்கது. சவாண் குறித்த பக்கங்கள் பலவற்றிற்கு 'அசோக பர்வம்' என்பது பெயர். பர்வம் என்பது ஒரு காலகட்டத்தையும் பாரதத்தின் பகுப்பையும் குறிக்கும் சொல். வில்லிபாரதத்திலும் இப்பகுப்பு 'பருவம்' என வழங்கும். மக்கள் இன்னும் வாக்களிக்காத நிலையில், முடிந்துபோன வரலாற்றுக்குரிய பெயரை இத்தலைப்பு வேட்பாளருக்குச் சூட்டிவிடுகிறது. வாதத்தை முன்வைக்காமலேயே முடிவை ஏற்கச் செய்யும் உத்தி இது எனலாம்.

மெய்க்கீர்த்தி மரபு

புகழ்ச்சியும் ஆவணமும் ஒருங்கே அமைதல் தமிழ் மரபிலும் உண்டு. சோழர் கல்வெட்டுகளில் மெய்க்கீர்த்தி முதலில் வரும். அதனையடுத்து ஆட்சியாண்டு வரும். அதன் பின்னரே நிலக்கொடை முதலிய செய்திகள் தொடங்கும். புகழுரை எங்கு முடிகிறது என்பதை ஆட்சியாண்டு வரையறுத்துவிடுகிறது. பாடாண் பாட்டிலும் புலவர் புகழ்கிறார் என்பதைக் கேட்போர் அறிவர். அவ்வெல்லைக் கோடு அழிக்கப்பட்ட மெய்க்கீர்த்தியாகவே மேற்கண்ட பதிவுகள் அமைகின்றன.

முடிவுரை

2007 உத்தரப்பிரதேசத் தேர்தலில் இத்தகைய செய்திகளுக்கான செலவைக் கணக்கில் காட்டாமைக்காக உம்லேஷ் யாதவை 2011இல் தேர்தல் ஆணையம் மூன்றாண்டுகளுக்குத் தகுதிநீக்கம் செய்தது. சவாணுக்கு எதிரான ஆணையத்தின் ஆணையைத் தில்லி உயர்நீதிமன்றம் 2014 செப்டம்பரில் நீக்கியது. பணம் கைமாறியதா என்பது சான்று வேண்டும் வினா, அது நீதிமன்றத்திற்குரியது. பனுவலில் பேசுபவர் யார், அவர் ஏன் மறைந்து நிற்கிறார் என்பன திறனாய்வுக்குரிய வினாக்கள். இவற்றிற்கான விடை பனுவலிலேயே உள்ளது. பேசுபவரை அறியாத வாசகரால் அவர் கூற்றை எடைபோட இயலாது. எடைபோட இயலாதவரின் வாக்கு முழுமையாக அவருடையதும் அன்று. ஆதலின் செய்யுளுக்கு வகுக்கப்பட்ட கருவிகளை நாளிதழுக்கும் பயன்படுத்துதல் தமிழாய்வின் இன்றைய கடமைகளுள் ஒன்றாகிறது.