ஆங்கில வினையும் பன்னிரு காலப் பட்டியலும்

1. முன்னுரை

ஆங்கில வினைக்குக் காலம் பன்னிரண்டு என்று நம் பள்ளி இலக்கண நூல்கள் நெடுங்காலமாகக் கற்பித்து வருகின்றன. இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்னும் மூன்றும் ஒவ்வொன்றும் நந்நான்காகப் பிரிந்து பன்னிரண்டாகின்றன. ரென், மார்ட்டின் ஆகியோரின் நூலைப் பயின்றோர் இப்பட்டியலை நன்கு அறிவர். முக்காலப் பாகுபாடு தொல்காப்பியம் முதலாகவே நமக்குப் பழக்கமானதாதலின், அதனை நாம் ஐயமின்றி ஏற்றுக்கொண்டோம். இப்பட்டியல் ஆங்கில வினையின் அமைப்பைச் சரியாக விளக்குகிறதா என்பதையும், மொழிபெயர்ப்பாளருக்கு எந்த அளவு பயன்படுகிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. பட்டியலின் குறை

காலம் என்பது வினையின் வடிவத்தில் வெளிப்படும் இலக்கணக் கூறு எனக் கொண்டால், ஆங்கிலத்தில் இறந்தகாலம், இறவாக் காலம் என்னும் இரண்டே உள்ளன. ‘ரைட்’, ‘ரோட்’ என்பவற்றுக்கு இணையாக எதிர்காலத்துக்கெனத் தனி வடிவம் இல்லை. ‘வில்’ என்பது ‘கேன்’, ‘மே’, ‘மஸ்ட்’ ஆகியவற்றோடு ஒரே இடத்தில் நிற்கும் துணைவினை. அவற்றுள் எதனோடும் சேர்ந்து வாராது. ‘தட் வில் பி த போஸ்ட்மேன்’ என்னும் தொடரில் அது எதிர்காலத்தைக் குறிக்கவில்லை, உய்த்துணர்வையே குறிக்கிறது. தமிழிலும் ‘அது தபால்காரராக இருக்கும்’ என்றே கூறுகிறோம். நம் ‘உம்’ ஈற்று வினைமுற்றும் காலத்தை மட்டும் குறிப்பதன்று என்பது இங்கு எண்ணத்தக்கது.

சாம்ஸ்கி 1957-இல் காட்டியவாறு, ஆங்கிலத் துணைவினைகள் ஓர் ஒழுங்கில் அடுக்கப்படுகின்றன: காலம், வினைநோக்குத் துணைவினை, ‘ஹேவ்’, ‘பி’. காலம் கட்டாயமானது, ஏனைய மூன்றும் வரலாம், வாராதும் இருக்கலாம். ‘வில்’ ஒன்றையே வினைநோக்காகக் கொண்டாலும் செய்வினையில் 16 சேர்க்கைகள் கிடைக்கின்றன. பட்டியலில் இருப்பவை 12. ‘வுட் ஹேவ் பீன் ரைட்டிங்’ போன்ற நான்கிற்கும் அங்கு இடமில்லை. நான்கு உறுப்புகளால் விளங்கிவிடும் அமைப்பைப் பன்னிரண்டு பெயர்களால் மறைப்பதே இப்பட்டியலின் முதற்குறை.

3. மொழிபெயர்ப்பில் விளைவு

பட்டியலை நம்பும் மொழிபெயர்ப்பாளர் ‘ஹேவ்’ வரும் இடமெல்லாம் ‘இரு’ என்னும் துணைவினையை இடுகிறார். ஆனால் ஆங்கிலத்தின் ஒரே வடிவம் தமிழில் மூவகையாகப் பிரிகிறது.

(அ) விளைவு: ‘ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ’ – சாவியைத் தொலைத்துவிட்டேன்.
(ஆ) அனுபவம்: ‘ஐ ஹேவ் பீன் டு டெல்லி’ – தில்லிக்குப் போயிருக்கிறேன்.
(இ) தொடர்ச்சி: ‘ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்’ – பத்து ஆண்டுகளாக இங்கு வசிக்கிறேன்.

முதல் தொடரைச் ‘சாவியைத் தொலைத்திருக்கிறேன்’ என்று பெயர்த்தால், பேசுபவர் தம் செயலைத் தாமே பின்னர் ஊகித்தறிந்தது போன்ற பொருள் தோன்றுகிறது. மறுதலையாக, ‘நேற்று மழை பெய்திருக்கிறது’ என்பது நல்ல தமிழ்; ஈரத் தரையைக் கண்டு கூறுவது. இதே நேர்வடிவம் ‘எஸ்டர்டே’ என்னும் சொல்லோடு ஆங்கிலத்தில் வாராது. ஆகவே ‘ஹேவ்’, ‘இரு’ ஆகிய இரண்டும் நிகரானவை அல்ல. சில இடங்களில் சந்திப்பவை மட்டுமே.

இறந்தகால வடிவமும் எப்போதும் இறந்தகாலத்தைக் குறிப்பதில்லை. ‘இஃப் ஐ நியூ, ஐ வுட் டெல் யூ’ என்பதில் ‘நியூ’ குறிப்பது உண்மையினின்றும் விலகிய நிலையை. ‘தெரிந்தால் சொல்வேன்’ என்பது இவ்விலகலை இழக்கிறது. ‘தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்’ என்பது நிகழ்ச்சியைக் கடந்த காலத்துக்குத் தள்ளிவிடுகிறது. ‘தெரிந்தால் சொல்லமாட்டேனா?’ என்னும் வினாவே பேச்சுவழக்கில் அக்கருத்துக்கு நெருங்கி நிற்கிறது.

சட்டமொழியில் இப்பிழையின் விலை மிகுதி. ‘த அப்ளிகன்ட் ஷல் சப்மிட்’ என்பதை எதிர்காலமாகக் கொண்டு ‘விண்ணப்பதாரர் அளிப்பார்’ என்று பெயர்த்தால், கடமை வெறும் முன்னறிவிப்பாகிவிடுகிறது. ‘அளித்தல் வேண்டும்’ என்பதே பொருந்தும். விதியை மீறியவர் தமிழ் வாசகத்தைச் சான்றாகக் காட்டினால் மறுமொழி கூறுவது எளிதன்று.

4. மாற்றுக் கருத்து

பட்டியல் தொடக்கநிலை மாணவருக்கு நினைவில் வைக்க எளியது என்பர். வடிவங்களை மனத்தில் இருத்த அது உதவும் என்பதை மறுப்பதற்கில்லை. மொழியியலாரும் ஒருமித்த கருத்துடையவர் அல்லர். 1985-இல் வெளிவந்த குவர்க் முதலியோரின் பேரிலக்கணம் ‘ஹேவ்’ அமைப்பை வினைக்கூறு, அதாவது ஆஸ்பெக்ட், எனக் கொள்கிறது. 2002-இல் வெளிவந்த ஹடில்ஸ்டன், புல்லம் ஆகியோரின் இலக்கணம் அதனை இரண்டாம்நிலைக் காலம் என்கிறது. எனினும் ‘வில்’ எதிர்கால விகுதிக்கு நிகரானதன்று என்பதில் இரு நூல்களும் உடன்படுகின்றன.

5. முடிவு

வடிவத்தின் பெயரைக் கண்டு நிகரனைத் தேடுதல் கூடாது. அவ்வடிவம் அவ்விடத்தில் ஆற்றும் பணியைக் கண்டே தேடுதல் வேண்டும். மொழிபெயர்ப்புப் பயிற்சியில் பன்னிரு காலப் பட்டியலுக்கு மாற்றாக, ஒவ்வொரு துணைவினையும் தமிழில் எவ்வெவ்வாறு பிரிகிறது என்பதைக் காட்டும் பட்டியல்கள் உருவாதல் நன்று. அவை ஆங்கில வினையை விளக்குவதோடு, நம் ‘இரு’, ‘விடு’, ‘உம்’ ஆகியவற்றின் பொருளெல்லைகளையும் தெளிவாக்கும்.