அணித்துவக்கின் மதிப்பு: கண்டியரசின் பீரங்கியை முன்வைத்து ஒரு நோக்கு

படைக்கலம் ஒன்று கலைப்பொருளாகவும் அமையும்போது அதனை மதிப்பிடுதல் எளிதன்று. கருவியென நோக்கின், அதன் தொழிற்றிறன் முதன்மை பெறும். அணியென நோக்கின், அதன்மீது அமைந்த செதுக்குவேலை முதன்மை பெறும். இவ்விரண்டையும் இணைத்து நோக்கும் அளவுகோல் எது என்பதே பழைய துவக்குகளைச் சேகரிப்போரும் நூதனசாலைகளில் அவற்றைக் காப்போரும் எதிர்கொள்ளும் வினாவாகும். ஈழத்தில் இவ்வினாவுக்கு மிகச் சிறந்த உரைகல்லாக விளங்குவது, கண்டியரசனுக்குரியதாயிருந்து 1765இல் ஒல்லாந்தராற் கவரப்பட்டு, 2023இல் இந்நாட்டுக்கு மீண்ட சிறு பீரங்கியாகும்.

மேலைநாட்டுச் சேகரிப்பாளர் வகுத்துக்கொண்ட முறையை முதலில் நோக்குதல் பொருத்தமானது. அவர்கள் பெரிதும் போற்றும் பொருள்களுள் ஒன்று, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் வின்செஸ்ரர் தொழிற்சாலை ஆக்கிய நெம்புகோற்றுவக்கு. விசைக்காப்போடு இணைந்த நெம்புகோலைக் கீழிறக்கி மேலேற்றினால், சுட்ட தோட்டாவின் வெற்றுறை வெளியேற, அடுத்த தோட்டா உள்ளே சென்றமரும். 1866ஆம் ஆண்டு மாதிரியின் சட்டகம் செம்புக் கலப்புலோகத்தாலானது. ஆதலின் உளிக்கு எளிதில் இணங்கியது. வசதிபடைத்தோர் அதன்மீது கொடிக்கருக்கும் விலங்குருவும் செதுக்குவித்து வாங்கினர். அப்பணியிற் பெயர்பெற்ற உல்ரிக் குடும்பத்துச் செதுக்குநர் சில துவக்குகளில் தம் பெயரையும் பொறித்தனர்.

இத்தகைய துவக்கொன்றை மதிப்பிடுவோர் நான்கு வினாக்களை எழுப்புவர். ஆக்கியவர் யார்? செதுக்குவேலை துவக்கோடு பிறந்ததா, பிற்காலத்தில் விலையை உயர்த்தும் நோக்குடன் ஏற்றப்பட்டதா? மேற்பரப்பும் உறுப்புக்களும் பழைய நிலையிலேயே உள்ளனவா, மெருகேற்றி மாற்றப்பட்டனவா? அது யார் யார் கைகளினூடாக வந்தது? இவற்றுள் இரண்டாவது வினாவிற் பலர் தவறுவர். பின்னாளிற் செதுக்கிய அழகிய பூவேலை, ஆரம்பத்தில் அணியின்றி வெளிவந்த துவக்கின் மதிப்பைக் கூட்டுவதில்லை. பெரும்பாலும் குறைக்கவே செய்யும். உளி சென்ற தடத்தின் விளிம்பு கூர்மையாகவும் சூழவுள்ள உலோகம் தேய்ந்தும் இருப்பின், இரண்டும் ஒரே வயதினவல்ல என்பது புலனாகும். நான்காம் வினாவுக்குத் தொழிற்சாலைப் பேரேடுகள் துணைநிற்கும். அவற்றுட் பல வயோமிங் மாநிலத்துக் கோடி நகர் நூதனசாலையிற் பேணப்படுகின்றன.

இம்முறை அறிவார்ந்தது என்பதில் ஐயமில்லை. பொருளைக் கண்ணாரக் கண்டு, சான்றோடு பேசும் ஒழுங்கு இதிலுண்டு. ஆயின் இம்முறையில் நான்கு வினாக்களும் ஈற்றில் விலை என்ற ஒரே விடையிற் சென்று முடிகின்றன. கைமாறிய வரலாறுங்கூட விலையைக் கூட்டும் ஒரு சிறப்பாகவே கொள்ளப்படுகின்றது. இவ்வளவுகோலைக் கண்டிக்குக் கொணரும்போது அதன் வலிமையும் குறைபாடும் ஒருங்கே தெளிவாகின்றன.

ஈழத்தமிழில் துவக்கு என்றும் சிங்களத்தில் துவக்குவ என்றும் வழங்கும் சொற்கள், தமிழகத்தின் துப்பாக்கி என்பதனைப் போலவே, துருக்கிமொழிச் சொல்லொன்றோடு உறவுடையன எனச் சொல்லாய்வாளர் கொள்வர். சொல் வெளியிலிருந்து வந்ததுபோலவே கருவியும் வந்தது. பதினாறாம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயரோடு பொருதிய காலத்திற் சிங்களக் கொல்லர் துவக்குத்தொழிலை விரைவிற் கைக்கொண்டனர். ஆயின் கண்ட மாதிரியை அவ்வாறே படியெடுத்தாரல்லர். பொறியமைப்பைக் குழலின் இடப்பக்கத்தே வைத்தமை அவர்தம் துவக்கை இனங்காட்டும் தனிக்குறியாயிற்று. அடிக்கட்டையில் வெள்ளியும் யானைத்தந்தமும் பதித்து, லியவெல எனப்படும் கொடிக்கருக்கினைக் குழலிற் படரவிட்டனர். ஆக, உளி சென்ற இடமெல்லாம் அயற்கருவி உள்நாட்டுப் பொருளாக மாறிற்று.

ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட நூலிற் கண்டிக் கலையை இடைக்காலச் சிங்களக் கலை எனப் பெயரிட்டார். பேரியந்திரத் தொழில் தீண்டாத, மரபுவழி நின்ற கைவினை 1815 வரை இம்மலைநாட்டில் நிலைத்தது என்பது அவர் கருத்து. அக்கைவினைஞரின் வாழ்வையும் நிலமானியத்தையும் தொழில்நுட்பத்தையும் அவரளவு பரிவோடு பதிவுசெய்தோர் அரியர். எனினும் இடைக்காலம் என்ற சொல் துவக்கிற்குப் பொருந்துமாறில்லை. கண்டியின் அணித்துவக்கு பழமையைப் பொத்திவைத்த கலையின் சான்றன்று. புதியதொன்றைக் கண்டு அஞ்சாது, அதனைத் தன் மொழியிற் பேசவைத்த கலையின் சான்றாகும்.

இப்பின்னணியிலேயே பீரங்கியை நோக்குதல் வேண்டும். வெண்கலம், வெள்ளி, பொன், மாணிக்கம் ஆகியன சேர்ந்தமைந்தது அது. குழலின்மேற் சூரியனும் பிறையும் சிங்கமும் காணப்படுகின்றன. மூன்றும் கண்டியரசின் சின்னங்கள். 1745 – 46 ஆண்டளவினதெனக் கொள்ளத்தக்க சிங்களப் பொறிப்பு, லெவ்கே திசாவை அரசனுக்கு அளித்த காணிக்கையாக அதனைக் காட்டுகின்றது. அக்காலத்தே அரியணையில் இருந்தவன் ஸ்ரீ விஜய இராஜசிங்கன் (1739 – 1747). தென்னிந்திய நாயக்கர் வழியிற் கண்டிக்கு வந்த முதல் மன்னன் அவனே. தலைவர்கள் அரசன் முன்னிலையிற் காணிக்கை வைத்துப் பணிதல் கண்டியின் ஆட்சிநெறியில் இன்றியமையாத சடங்காகும். தென்னிந்தியாவிலிருந்து வந்த மன்னனுக்குச் சிங்களத் தலைவனொருவன் அளித்த பொருளில் நாட்டின் சின்னங்களே அணியாயின என்பது மனங்கொள்ளத்தக்கது. அணிவேலை இங்கே வெறும் அழகன்று. அது ஓர் அரசியல் உறுதிமொழி. இப்பீரங்கியின் வேலை பகைவரைச் சுடுவதன்று, பணிவைப் புலப்படுத்துவதே எனின், கருவி வேறு அணி வேறு என்ற பாகுபாடே இங்குப் பொருந்தாது போகின்றது.

இனி நான்காம் வினாவுக்கு வருதல் தகும். 1765 பெப்ரவரியில் ஒல்லாந்தத் தேசாதிபதி வான் எக் தலைமையிற் படை கண்டிக்குள் நுழைந்தது. கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் நகரைவிட்டு நீங்கியிருந்தான், அரண்மனை சூறையாடப்பட்டது. பீரங்கி நெதர்லாந்து சென்று, ஆட்சித்தலைவர் ஐந்தாம் வில்லியத்தின் அருங்பொருட் சேகரிப்பிற் சேர்ந்து, பின்னர் அம்ஸ்ரடாமின் றைக்ஸ் நூதனசாலையை அடைந்தது. இலங்கை அறிஞரும் ஒல்லாந்த அறிஞரும் கூடிச் செய்த மூலவரலாற்றாய்வு, அது கொள்ளைப்பொருளே என்பதை நிறுவ உதவிற்று. 2023 யூலையில் நெதர்லாந்து அரசு அதனைத் திருப்பியளிக்க முடிவுசெய்தது. அவ்வாண்டு டிசம்பரிற் பீரங்கி கொழும்புத் தேசிய நூதனசாலையை அடைந்தது. பொன்னாலும் வெள்ளியாலும் அணிசெய்த இரு வாள்களும், ஒரு கத்தியும், மகாதுவக்கு எனப்படும் இரு பெருந்துவக்குகளும் உடன்வந்தன.

இங்கேதான் சேகரிப்பாளரின் அளவுகோல் தலைகீழாகின்றது. வின்செஸ்ரர் துவக்கின் கைமாறிய வரலாறு தெளிவுபடத் தெளிவுபட அதன் விலை உயரும். கண்டிப் பீரங்கியின் வரலாறு தெளிந்தபோதோ, உரிமை யாருடையது என்பதே தீர்ப்பாயிற்று. அழகு, பழமை, முழுமை ஆகியவற்றை ஆராய்ந்த அதே கண், பொறிப்பையும் சின்னத்தையும் படித்தபோது, வேலைப்பாடே உரிமைச்சான்றாக மாறியது. அணிசெய்யப்பட்ட பொருளை மதிப்பிடுவதிற் கைமாறிய வரலாறு நான்கனுள் ஒன்றன்று. ஏனைய மூன்றுக்கும் பொருள்தருவது அதுவே.

இதற்கு மறுப்பாக, அயல்நாட்டு நூதனசாலைகள் காத்திராவிடின் இப்பொருள்கள் அழிந்திருக்குமே என்பார் உளர். பேணியமை உண்மை, அப்பணி பாராட்டுக்குரியதும் ஆகும். ஆனால் காத்தவனின் கடமை வேறு, உடையவனின் உரிமை வேறு. மேலும், கண்டியின் அரியணையும் முடியும் இங்கிலாந்திலிருந்து 1934இல் மீட்டளிக்கப்பட்டன. இன்றும் அவை கொழும்பில் நிலைபெற்றே உள்ளன.

எனினும் பொருள் மீண்டதோடு திறனாய்வு முடிந்துவிடுவதில்லை. பீரங்கி அளித்தவனின் பெயரைச் சொல்கின்றது. அதன் சின்னம் பெற்றவனின் முடியைச் சொல்கின்றது. கவர்ந்தவனின் பெயரை வரலாறு சொல்கின்றது. வெள்ளியைத் தட்டி, மாணிக்கம் பதித்தவன் யார்? அமெரிக்கத் தொழிற்சாலையின் செதுக்குநனுக்குக் கிட்டிய பெயர் கண்டிக் கைவினைஞனுக்குக் கிட்டவில்லை. கண்டி மரபில் கைவினைஞர் பெயரே கிடையாது என்று இதற்கு அமைதி கூறுதல் பொருந்தாது. அரச பட்டறைகள் நான்கு, பட்டல் ஹத்தர என்ற பெயரால் இயங்கின. சிறந்த கைவினைஞர்க்கு நிலமும் சிறப்புப்பெயரும் அளித்த சன்னஸ் என்னும் அரச ஆவணங்கள் உள. கண்டி வாவியோடும் பத்திரிப்புவ எனும் எண்கோண மண்டபத்தோடும் தேவேந்திர மூலாச்சாரியின் பெயர் இன்றளவும் இணைத்தே பேசப்படுகின்றது. ஆகவே பெயர்கள் இருந்தன; தேடப்படாதனவே மிகுதி.

நூதனசாலைப் பெயர்ப்பலகைகள் லோகத்தையும் நூற்றாண்டையும் அரசனையும் குறிப்பதோடு அமைகின்றன. கைவினைஞனைப் பற்றி அவை மௌனம் சாதிக்கும்வரை மதிப்பீடு பாதியே. பேராதனைக்கு அணித்தே எம்பக்கையிலும் கண்டியைச் சூழ்ந்த ஊர்களிலும் மரபுவழிக் கைவினைக் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. அவர்தம் குடும்ப ஏடுகளும் வாய்மொழி வரலாறும் கருவிப்பெயர்களும் சிங்களம், தமிழ் இரண்டும் அறிந்த மாணவரின் கவனத்துக்காகக் காத்திருக்கின்றன. பீரங்கி இரண்டரை நூற்றாண்டு கடந்து நாடு திரும்பிற்று. அதனை அணிசெய்த கைகளின் பெயர் திரும்புதல் இனித்தான் நிகழவேண்டியுள்ளது.