அனுபிஸின் சட்டை

எகிப்திய மன்னன் துத்தன்காமன் கல்லறையின் கருவூல அறை வாசலில் கறுத்த குள்ளநரி உருவில் அனுபிஸ் தெய்வம் காவல் படுத்திருந்தது. தொல்லியலாளர் ஹோவர்ட் கார்ட்டர் முதலில் கண்டபோது அதன் உடல் தெரியவில்லை; லினன் சட்டை ஒன்று போர்த்தியிருந்தது. அக்கெனாத்தன் ஆட்சியின் 7ஆம் ஆண்டு என்று துணியில் மைக்குறி இருந்தது. அதே அறையில், கறுப்புப் பேழைகளுக்குள் பொன் பூசிய சிலைகளும் துணி சுற்றியே நின்றன. இன்று படங்களில் நாம் வியந்து பார்ப்பது, சடங்கு செய்தவர்கள் மூடிவைத்த பொன்னை.

ஆய்வாளர் கிறிஸ்டினா ரிக்ஸ் 2014இல் எழுதிய நூல் இங்கிருந்துதான் யோசிக்கிறது. துணி சுற்றுவதே உடலையும் சிலையையும் புனிதமாக்கியது என்பது அவர் வாதம். எனக்கு அது சரியென்றே படுகிறது. எகிப்தியப் படையல் மந்திரத்தில் அப்பம், பீர், மாடு, பறவை இவற்றோடு துணியும் பெயர் சொல்லிக் கேட்கப்படுகிறது. நெசவுக்கென்றே தாயெத் என்ற தெய்வமும் உண்டு.

சுற்றியது பெரும்பாலும் கோடித் துணியும் அல்ல. வீட்டில் புழங்கிய விரிப்பையும் ஆடையையும் நாடாவாகக் கிழித்தார்கள். தீப்ஸில் 1920இல் கிடைத்த வாஹ் என்ற காரியக்காரரின் உடலை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 1940இல் பிரித்தது. வந்த துணி சுமார் 375 சதுர மீட்டர். நம் கணக்கில் ஒன்றரை கிரவுண்டுக்கும் மேல்! சில விரிப்புகளின் ஓரத்தில் வாஹின் பெயரே எழுதியிருந்தது.

எல்லாத் துணிக்கும் இந்தக் கவனிப்பு வாய்க்கவில்லை. 1908இல் மான்செஸ்டரில் மார்கரெட் மர்ரே மக்கள் முன்னிலையில் மம்மியைப் பிரித்தபோது, துணித் துண்டு வேண்டுவோர் முகவரி தந்துவிட்டுப் போகலாம் என்றார்கள். கவனமான ஆய்வாளர் நடத்திய நிகழ்ச்சியிலேயே இப்படி! நினைத்தால் மனம் ஆறவில்லை.

கந்தல் என்று ஒதுக்காமல் வைத்திருந்த துண்டுகள் என்னென்ன சொல்லியிருக்கின்றன! எகிப்தின் மோஸ்டகெட்டாவில் குழிக் கல்லறைகளில் கிடைத்து, இங்கிலாந்தின் போல்டன் அருங்காட்சியகத்தில் கிடந்த துணிகளை ஆய்வாளர் ஜானா ஜோன்ஸின் குழு பரிசோதித்தது. பைன் பிசினும் விலங்குக் கொழுப்பும் கலந்த பூச்சு இருந்தது. உடலைப் பதப்படுத்தும் முயற்சியின் தொடக்கம் சுமார் 1,500 ஆண்டுகள் பின்னோக்கிப் போயிற்று. 2014இல் வெளியான அந்த முடிவுக்குச் சாட்சி, துணி மட்டுமே.

பிற்காலத்தில் 'இறந்தோர் நூல்' மந்திரங்களைக் கட்டுத்துணியிலேயே எழுதினார்கள். பெட்டோசிரிஸ் என்பவரின் 2,300 ஆண்டுப் பழைய கட்டுத்துணி துண்டு துண்டாக உலகெங்கும் சிதறிவிட்டது. 2020இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் உள்ள ஒரு துண்டின் படத்தைப் பார்த்தவர்கள், லாஸ் ஏஞ்சலிஸில் கெட்டி நிறுவனத்திடம் உள்ள துண்டோடு அது பொருந்துவதைக் கண்டார்கள். நடுவே சிறு இடைவெளி. துணியில் மறுமைக்கான ஏற்பாடுகள்: மரச்சாமான் தூக்கும் ஆட்கள், ஐசிஸும் நெஃப்திஸும் காக்கும் படகு, அனுபிஸின் உருவத்தைச் சறுக்குவண்டியில் வைத்து இழுத்துப் போகும் ஒருவன்.