சிதறால் பாறையும் நமது சொல்லும்

மார்த்தாண்டத்தை அடுத்த சிதறாலிலே திருச்சாரணத்து மலை என்றொரு குன்று. தொங்கும் பாறையின் முகத்தில், அமர்ந்தும் நின்றும் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். 9ஆம் நூற்றாண்டுச் சிற்பங்கள். கோயிலின் உள்ளேயோ பகவதி. ஏறி வருகிறவன் என்ன செய்கிறான்? அமர்ந்த உருவத்தைப் "புத்தர்" என்கிறான்; படம் விரித்த பாம்பைக் கண்டதும் "நாகராசா" என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறான். தலைமேல் முக்குடை எதற்கு, ஆடையின்றி நிற்பவர் எவர் என்று ஒரு கேள்வி உண்டா? கண் விழித்திருக்கிறது, கருத்து உறங்குகிறது!

பக்தனைப் பழித்ததோடு நிறுத்திக்கொண்டால் நமக்கு இனிப்பாகத்தான் இருக்கும். ஆனால் நம் தோழர் சிலர் முழங்குவதென்ன? "சமணரை ஒரே நாளில் வெட்டி வீழ்த்திக் கோயிலைப் பறித்தனர்" என்பது! சான்று எங்கே என்றால், "எல்லோருக்கும் தெரிந்ததுதானே" என்று விடை. புராணிகர் தரும் விடையும் அதுதானே, தோழர்களே! கைப்பேசியில் வந்து விழும் செய்தியை, நமக்கு உவப்பானது என்பதற்காகவே ஊருக்கெல்லாம் அனுப்புகிற இளைஞன், திருநீற்றுக்கு நோய் தீரும் என நம்பும் பாட்டியை எள்ளி நகையாட எந்த உரிமை பெற்றான்?

கல்லைக் கேட்போம். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், பேராயிரக்குடி அரிட்டநேமி பட்டாரரின் மாணவி குணந்தாங்கிக் குறத்திகள், இம்மலையின் பட்டாரியாருக்குப் பொன்னணி வழங்கினார் என்கிறது வட்டெழுத்துக் கல்வெட்டு. குறத்திகள் என்றால் குறி சொல்பவர் அல்லர், சமண ஆசிரியை. ஆயிரம் ஆண்டுகட்கு முன்னே ஒரு பெண் கற்றாள், ஆசிரியையெனப் பெயர் பெற்றாள், தன் பெயரிலே கொடை கொடுத்தாள். என்னே பெருமிதம்! இதை மேடையில் சொல்வோர் எத்தனை பேர்?

அதே வரி நம் முழக்கத்தையும் உரசிப் பார்க்கிறது. பகவதிக்கு முன்பே அங்கே பெண் தெய்வம் இருந்தது. ஆகவே இன்று அம்மன் இருக்கிறாள் என்பது மட்டுமே பறிப்புக்குச் சான்றாகாது. 13ஆம் நூற்றாண்டளவில் கோயில் மாறியது என்பர் ஆய்வாளர். ஆனால் நாகர்கோவில் நாகராசா கோயிலிலோ, 16ஆம் நூற்றாண்டிலும் குணவீர பண்டிதர், கமலவாகன பண்டிதர் என்னும் சமணர்க்குக் கொடை உண்டு. தூண்களிலே இன்றும் பார்சுவநாதர், மகாவீரர் உருவங்கள் உண்டு. ஒரே நாளில் அழிந்தவர் இவ்வளவு காலம் எப்படி வாழ்ந்தனர்?

வன்முறையே நிகழவில்லை என்று இதனால் நாம் சாதிக்கவில்லை. மெல்ல மாறிற்றா, மிரட்டி மாற்றினரா என்பதைச் சிதறால் பாறை சொல்லவில்லை. அது சொல்லாததை அதன் வாயில் திணிக்கும் வேலையைப் புராணிகர்க்கே விட்டுவிடுவோம்.