முள்ளம்பன்றியும் மூணு ஷிஃப்டும்

கானா நாட்டில் குமாசி என்று ஓர் ஊர். அந்த ஊர் கால்பந்து கிளப்பின் சின்னம் சிங்கமில்லை, புலியுமில்லை. முள்ளம்பன்றி. 'கொட்டோக்கோ' என்றால் அவர்கள் பாஷையில் அதுதான் அர்த்தம். ஆயிரம் பேரைக் கொன்றால் இன்னும் ஆயிரம் பேர் வருவார்கள் என்பது கிளப்பின் முழக்கம். ஒரு முள் விழுந்தால் இன்னொன்று முளைக்கும் என்கிற கணக்கு. பழைய அசாந்தி ராஜ்ஜியத்தின் சின்னமும் இதே முள்ளம்பன்றிதான். அசாந்தி மன்னர்தான் கிளப்புக்குப் புரவலர்.

1935-ல் 'அசாந்தே கொட்டோக்கோ' என்று பெயர் சூட்டிக்கொண்ட இந்த கிளப்புக்கு ஓர் ஆதி கதை சொல்வார்கள். வெள்ளைக்காரர் ஒருவருக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்த குமாசிப் பையன், தலைநகர் அக்ராவுக்குப் போன இடத்தில் ஒரு மேட்ச் பார்த்திருக்கிறான். ஊர் திரும்பியதும் நண்பர்களைக் கூட்டி, நமக்கும் ஒண்ணு வேணும் என்று ஆரம்பித்ததுதான் அத்தனையும். அக்ராவில் அதற்கு முன்பே, 1911-லிருந்து, 'ஹார்ட்ஸ் ஆஃப் ஓக்' என்ற கிளப் இருந்தது. ஒரு பக்கம் துறைமுகத் தலைநகர். இன்னொரு பக்கம் தங்கமும் பழம்பெருமையும் உள்ள உள்நாட்டு ராஜ்ஜியம். பந்து ஒரு சாக்கு. கொட்டோக்கோ 1970-லும் 1983-லும் ஆப்பிரிக்க சாம்பியன். ஹார்ட்ஸ் 2000-த்தில் சாம்பியன். இந்த வருஷங்களைக் குமாசியில் சொன்னால் ஒரு பாட்டிகூடத் திருத்துவார்.

'கானாக்காரன் கதை நமக்கு எதுக்கு சார்?' என்று பக்கத்தைப் புரட்டப் போகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். ஒரே ஒரு கேள்விக்காகத்தான் அவ்வளவு தூரம் போய் வந்தேன். நம் ஸ்ரீபெரும்புதூரின் முள்ளம்பன்றி எது?

இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், வல்லம், ஒரகடம். ராத்திரி ஷிஃப்ட் மாறும் நேரத்தில் இந்தச் சாலைகளில் நின்று பாருங்கள். வரிசை வரிசையாக கம்பெனி பஸ்கள். எல்லா ஜன்னலிலும் ஒரு தலை சாய்ந்து தூங்கிக்கொண்டிருக்கும். ஹூண்டாய் இங்கே வந்தது 1996-ல். சான்ட்ரோ 1998-ல் வெளியே வந்தது. அன்று பிறந்த குழந்தைகள் இன்று அதே கேட்டில் கார்டு தேய்த்து உள்ளே போகிறார்கள். ஒரு தலைமுறை முடிந்துவிட்டது. இந்தத் தலைமுறை 'நாங்க' என்று சொல்லிக் கத்த, பேர் சொல்லும்படி ஒரு டீம் இங்கே உருவாகவில்லை. இத்தனைக்கும் இருங்காட்டுக்கோட்டையில் 1990-லிருந்து கார் ரேஸ் டிராக் இருக்கிறது. காருக்கு மைதானம் உண்டு. காரைச் செய்கிறவருக்கு?

கம்பெனிகளுக்கு இந்த வித்தை தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். நன்றாகவே தெரியும். கொரியாவில் ஜியோன்புக் ஹூண்டாய் மோட்டார்ஸ் என்று ஒரு கால்பந்து கிளப். உல்சான் நகரத்தில் 1983-ல் ஹூண்டாய் ஆரம்பித்த இன்னொரு கிளப். ஒரே குடும்பத்துப் பெயர், இரண்டு டீம். பங்காளிச் சண்டை எப்படியிருக்கும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2019, 2020, 2021 மூன்று வருஷமும் ஜியோன்புக் முதலிடம், உல்சான் இரண்டாமிடம். அதிலும் 2019-ன் கடைசி நாளில் உல்சானுக்கு ஒரு டிரா போதும். 4-1 என்று தோற்றார்கள். இரண்டு பேருக்கும் சம புள்ளிகள். அதிக கோல் போட்டவர் என்ற கணக்கில் கோப்பை பங்காளி வீட்டுக்குப் போனது. உல்சானைக் கவிழ்த்தது யார் தெரியுமா? போஹாங் ஸ்டீலர்ஸ். உருக்காலை டீம்! அடுத்த மூன்று வருஷம், 2022-லிருந்து 2024 வரை, உல்சான் வட்டியோடு திருப்பிக் கொடுத்தது.

சுங்குவார்சத்திரத்தில் ஃப்ரிட்ஜும் டிவியும் செய்கிற சாம்சங், சுவோன் நகரத்தில் 1995-ல் ஒரு கிளப் ஆரம்பித்தது. ஒரகடம் ஆலையை 2010-ல் ரெனோவுடன் சேர்ந்து திறந்து, 2025-ல் தன் பங்கை ரெனோவுக்கே விற்றுவிட்ட நிஸான், ஜப்பானில் 1972-ல் கம்பெனி டீமாக ஆரம்பித்ததுதான் இன்றைய யோகோஹாமா எஃப். மரினோஸ்.

ஆக, அங்கே ஆலை கட்டினார்கள், கூடவே கிளப்பும் கட்டினார்கள். இங்கே ஆலை மட்டும். ஏன்? கொரியக்காரர்களை மட்டும் குறை சொல்லிப் புண்ணியமில்லை. நாமும் அவர்களிடம் முதலீடு எவ்வளவு, வேலை எத்தனை என்றுதான் கேட்டோமே தவிர, சாயங்காலம் என்ன செய்வது என்று கேட்கவில்லை.

ஒரகடம் கூட்ரோட்டில் ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்த பையன், மான்செஸ்டர் யுனைடெட் சட்டை போட்டிருந்தான். 'எந்த ஊருப்பா?' 'செய்யாறு பக்கம் சார்.' 'மான்செஸ்டர் எங்க இருக்குன்னு தெரியுமா?' 'லண்டன்ல சார்.' சரி, இருக்கட்டும். நான் சிரித்தது பூகோளத்துக்காக இல்லை. அப்போலோ டயர்ஸுக்கு ஒரகடத்தில் ஆலை இருக்கிறது. 2013-ல் அந்த கம்பெனி மான்செஸ்டர் யுனைடெட்டோடு ஸ்பான்ஸர் ஒப்பந்தம் போட்டது. அந்த யுனைடெட் எப்படிப் பிறந்தது? 1878-ல் நியூட்டன் ஹீத்தில் ரயில் பெட்டிப் பணிமனைத் தொழிலாளர்கள் ஓய்வு நேரத்தில் ஆட ஆரம்பித்த டீம் அது. ரயில் பெட்டித் தொழிலாளர் டீம் நம்மிடமும் உண்டே! பெரம்பூர் ஐ.சி.எஃப். எத்தனையோ வருஷம் சென்னை லீகில் ஆடியவர்கள். அவர்களுடைய சட்டை எந்தக் கடையில் கிடைக்கும், சொல்லுங்கள்.

ஆலை டீம் என்றால் ஆலையோடு போய்விடும் என்பீர்கள். தேம்ஸ் அயர்ன்வொர்க்ஸ் என்ற கப்பல் கட்டும் ஆலைத் தொழிலாளர்கள் 1895-ல் தொடங்கிய டீம்தான் வெஸ்ட் ஹாம் யுனைடெட். ஆலை 1912-ல் மூடிவிட்டது. கிளப் இருக்கிறது. சின்னத்தில் இன்னும் இரண்டு சுத்தியல். நம் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006-ல் உற்பத்தி தொடங்கி 2014-ல் மூடியது. ஆயிரக்கணக்கான பேர் வேலை பார்த்த இடம். இன்று என்ன மிச்சம்? யாராவது ஒருவரின் பீரோவில் ஒரு பழைய ஐ.டி. கார்டு. கிளப் என்பது ஆலை போன பிறகும் ஆட்கள் சேர்ந்திருப்பதற்கு ஒரு காரணம். அந்தக் காரணத்தை நாம் உண்டாக்கவே இல்லை.

'அதான் சென்னையின் எஃப்.சி. இருக்கே' என்று யாராவது கேட்பீர்கள். நியாயம். 2014-ல் பிறந்த டீம். 2015-லும் 2017-18-லும் ஐ.எஸ்.எல். சாம்பியன். முதல் சீசன் அரையிறுதியை நேரு ஸ்டேடியத்தில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸிடம் 3-0 தோல்வி. சென்னையில் அந்த மூன்று கோலையும் திருப்பி அடித்து, கூடுதல் நேரத்துக்கு இழுத்து, 117-வது நிமிஷத்தில் பியர்சன் ஒரு கோல் போட்டு கேரளாவைக் கரை சேர்த்தார். அந்த ஒரு ராத்திரியில் நிஜமான பகைக்கு விதை விழுந்தது. ஆனால் தண்ணீர் ஊற்றியது யார்? டிவிக்காரர்கள். 'தென்னிந்திய டெர்பி' என்று போஸ்டர் அடித்தார்கள். கொச்சியில் அது நடக்கிறது. ஏனென்றால் மலபாரில் அறுவடை முடிந்த வயலில் செவன்ஸ் ஆடி, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தெல்லாம் ஆட்களைக் கூட்டிவந்து, டிக்கெட் போட்டுக் கால்பந்து பார்த்துப் பழகிய ஜனம் அது. மஞ்சள் சட்டைக்கு முன்பே அங்கே கூட்டம் இருந்தது. இங்கே நீலச் சட்டை முதலில் வந்தது, கூட்டத்தை அப்புறம் தேடினார்கள்.

ஏலத்தில் வாங்கிய சூப்பர் கிங்ஸ் மட்டும் எப்படி ஊரோடு ஒட்டிக்கொண்டது? அதற்குப் பின்னால் சேப்பாக்கமும், தெருவுக்குத் தெரு டென்னிஸ் பந்து கிரிக்கெட்டும் பல பத்து வருஷமாகக் காத்திருந்தன. கால்பந்துக்கு அப்படிக் காத்திருந்த இடம் வடசென்னை. வியாசர்பாடி, பெரம்பூர். அங்கே போய்க் கதவைத் தட்டியிருக்க வேண்டும். வியாசர்பாடி நந்தகுமார் சேகர் 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகானுக்கு எதிராக ஒரே கோல் போட்டார். மேட்ச் 1-0. கொல்கத்தாவில் பாதி ஊர் அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. நம்ம பையன் ஹீரோ ஆவதற்கு அடுத்த ஊர்ப் பகை தேவைப்பட்டது.

இன்னொரு கூத்தும் நடந்தது. சென்னை சிட்டி எஃப்.சி. என்று பெயர், ஆடியது கோயம்புத்தூரில். ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் முந்தி 2018-19 ஐ-லீகை வென்றார்கள். சாதாரண விஷயமில்லை. 2021-க்குப் பிறகு அந்தப் பெயர் ஐ-லீகில் இல்லை. தமிழ்நாட்டில் எத்தனை பேர் அழுதார்கள்? கொட்டோக்கோவை இப்படி மூடிவிட முடியுமா? ஐ.எஸ்.எல்.லையே 2025 ஜூலையில் ஒப்பந்த இழுபறியால் காலவரையின்றித் தள்ளிவைத்தபோது, தெருவில் இறங்கி ஏன் என்று கேட்க நம் ஊரில் ஆளில்லை.

பகை ஒன்றும் பால்பாயசம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2001 மே 9. அக்ரா ஸ்டேடியம். ஹார்ட்ஸ் 2, கொட்டோக்கோ 1. தோற்றவர்கள் நாற்காலிகளைப் பிய்த்து வீச, போலீஸ் கேலரிக்குள் கண்ணீர்ப்புகை அடித்தது. நெரிசலில் 120-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 1980 ஆகஸ்ட் 16-ல் கொல்கத்தா ஈடன் கார்டனில் மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால் மேட்சில் 16 பேர். அதனால் கூட்டமே வேண்டாம் என்று ஒரு கட்சி சொல்லும். எனக்கு அதில் உடன்பாடில்லை. அக்ராவில் ஆளைக் கொன்றது வெறும் பகை இல்லை. கண்ணீர்ப்புகையும், தப்பிக்க வழியில்லாத வாசல்களும்தான். கூட்டத்தை மனிதர்களாக மதிக்கத் தெரியாதவர்கள் கையில் கூட்டம் மாட்டினால் அப்படித்தான் ஆகும்.

நம் தொழில் தடத்திலும் கூட்டம் கூடியிருக்கிறது. 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாடு ஒவ்வாமல் தோழிகள் ஆஸ்பத்திரிக்குப் போனதற்காக, ஃபாக்ஸ்கான் பெண்கள் பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். 2024 செப்டம்பர் 9-லிருந்து சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் பந்தலில் உட்கார்ந்தார்கள். சங்கம் வைத்துக்கொள்ளும் உரிமைக்காக. இந்த ஊரில் நாலு பேர் சேர்ந்து நின்று ஒரே குரலில் கத்தினார்கள் என்றால் அது வயிற்றுக்கோ, உரிமைக்கோதான். சந்தோஷத்துக்காகக் கத்த இடமே வைக்கவில்லை. குரல் என்னவோ அதே குரல்தான்.

கிளப்புக்கு வேண்டியது மூன்றே சங்கதி. ஒரு மைதானம், ஒரு பொது ஓய்வு நாள், போன வருஷம் நடந்ததை ஞாபகம் வைத்திருக்கும் ஆள். இங்கே மூணு ஷிஃப்டில் பொது ஓய்வு நாள் கிடையாது. கான்ட்ராக்டில் வருகிறவர் அடுத்த வருஷம் இருப்பாரா என்று அவருக்கே தெரியாது. ஞாபகம் எங்கிருந்து வரும்? கால்பந்து கிளப் இல்லை என்பது விளையாட்டுக் குறை இல்லை சார். இந்த ஜனங்கள் இங்கே தங்குவார்கள் என்று யாரும் நம்பவில்லை என்பதற்கு அத்தாட்சி.

ஒரு கிளப் வந்தால் எப்படி வர வேண்டும்? என் ஓட்டு பெண்கள் டீமுக்கு. இது சும்மா முற்போக்குக்காகச் சொல்வதில்லை. விடுதிகளில் இருப்பவர்களில் ஏகப்பட்ட பேர் இருபது வயசுப் பெண்கள். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-லும் 2023-லும் தேசிய சாம்பியன். மதுரை சேது எஃப்.சி. 2018-19 இந்திய மகளிர் லீகை வென்ற கிளப். கடலூர் இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கு ஆடிக்கொண்டே தமிழ்நாடு போலீசில் சப்-இன்ஸ்பெக்டர். கால் இருக்கிறது, பந்தும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூன்று மணி நேரம் ஷிஃப்டை நிறுத்தி வைக்க ஒரு மேனேஜருக்கு மனசு வர வேண்டும். அவ்வளவுதான்.

இருங்காட்டுக்கோட்டைக்கும் ஒரகடத்துக்கும் ஒரு மேட்ச் நடக்கட்டும். தோற்ற ஊர் மறுநாள் கேன்டீனில் தலைகுனிந்து சாப்பிடட்டும். 'அடுத்த வருஷம் பாத்துக்கறோம்டி' என்று ஒரு பெண் சொல்லட்டும். அடுத்த வருஷம் இங்கேதான் இருப்பேன் என்று அவள் நம்பினால்தானே அப்படிச் சொல்ல முடியும்?