பேட்டிங் டீம் அம்பயர்

கும்பப்பூ அறுப்பு முடிந்து காய்ந்து கிடக்கும் வயலில் நாங்கள் கிரிக்கெட் ஆடிய நாட்களில், அம்பயரை பேட்டிங் டீம்தான் அனுப்பும். அவுட்டாகி வந்தவன் போய் நிற்பான். எல்பிடபிள்யூ கிடையாது. அதைக் கொடுக்கும் அளவுக்கு யாரும் யாரையும் நம்பியதில்லை.

இப்போதும் லீவுக்கு நாகர்கோவில் போனால் அதே கூட்டம் டீக்கடையில் சேரும். ஏதாவது ஒரு கட்டத்தில் அந்த வாக்கியம் வந்துவிடும்: “அம்பயரு மட்டும் ஒழுங்கா குடுத்திருந்தாம்னா சிட்னில நாமதான் மக்கா ஜெயிச்சிருப்போம்.”

2008 ஜனவரி சிட்னி டெஸ்ட். ஆண்ட்ரூ சைமண்ட்ஸ் 30 ரன்னில் இருக்கும்போது இஷாந்த் சர்மாவின் பந்து பேட்டில் பட்டு தோனியின் கைக்குப் போனது. ஸ்டீவ் பக்னர் விரலைத் தூக்கவில்லை. தான் அவுட் என்று சைமண்ட்ஸே அப்புறம் ஒத்துக்கொண்டார். அவர் கடைசிவரை நின்று 162 அடித்தார். இந்தியா தோற்றது 122 ரன்னில். நண்பனின் கணக்கு எளிது: அந்த 132 ரன்னைக் கழித்தால் நாம் 10 ரன்னில் ஜெயித்தோம்.

நான் சாஃப்ட்வேர்காரன். புரோகிராமின் நடுவில் ஒரு வரியை மாற்றினால் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் மாறும் என்று அனுபவத்தில் தெரியும். சைமண்ட்ஸ் போயிருந்தால் அடுத்து வந்தவன் எப்படி ஆடியிருப்பான், நமக்கு எவ்வளவு ரன் முன்னிலை இருந்திருக்கும், ஐந்தாம் நாள் ஆட்டம் எப்படிப் போயிருக்கும் என்பதெல்லாம் வேறு. ரசிகனின் கணக்கு ஒரு பந்தை மட்டும் திருத்திவிட்டு மிச்சத்தை அப்படியே வைத்துக்கொள்கிறது. அந்த டெஸ்டில் தவறான தீர்ப்புகள் பெரும்பாலும் நம் தலையில்தான் விழுந்தன, இரண்டாம் இன்னிங்ஸில் திராவிடுக்குக் கொடுத்தது உட்பட. அது உண்மை. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது, பகுதிநேரப் பந்துவீச்சாளர் மைக்கேல் கிளார்க்கிடம் கடைசி மூன்று விக்கெட்டை ஐந்து பந்தில் கொடுத்தோம். அதுவும் உண்மைதான். டீக்கடையில் முதல் உண்மைக்கு மட்டும்தான் இடம்.

இதே ஆண்டு ஜூலையில் இலங்கையில் டிஆர்எஸ் சோதனை முறையில் வந்தது. சிட்னியில் கொதித்த நாம்தான் அதை அதிகம் எதிர்த்தோம். இருதரப்புத் தொடரில் அதை முழுதாக ஏற்றுக்கொள்ள 2016 நவம்பர் ஆனது.

அதிர்ஷ்டம் என்ற சொல்லையும் இப்படித்தான் புழங்குகிறோம். பாகிஸ்தானுக்கு எதிரான சச்சினின் இரண்டு இன்னிங்ஸை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 1999 ஜனவரி, சேப்பாக்கம். இலக்கு 271. இந்தியா 82-க்கு ஐந்து விக்கெட். முதுகுவலியோடு சச்சின் 136 அடித்தார். நயன் மோங்கியாவோடு சேர்ந்து 136 ரன் கூட்டணி. சச்சின் அவுட்டாகும்போது வேண்டியது 17 ரன், கையில் மூன்று விக்கெட். நான்கு ரன்னில் எல்லாம் முடிந்தது. 12 ரன்னில் தோல்வி. அடுத்தது 2011 மார்ச் 30, மொஹாலி, உலகக் கோப்பை அரையிறுதி. சயீத் அஜ்மல் பந்தில் சச்சினுக்கு எல்பிடபிள்யூ கொடுத்தார்கள், டிஆர்எஸ் காப்பாற்றியது. அப்புறம் நான்கு கேட்ச்களை விட்டார்கள். 85 ரன். இந்தியா 29 ரன்னில் ஜெயித்தது.

இரண்டிலும் ஆட்ட நாயகன் அவர்தான். எது சிறந்த ஆட்டம் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. ஆனால் ‘சச்சின் ஆடினா ஜெயிக்காது’ என்று ஊரில் பல வருடம் கேலி பேசியது முதல் ஆட்டத்தை வைத்து. இரண்டாவதில் விட்ட நான்கு கேட்சை யாரும் கணக்கில் எழுதவில்லை. தோற்றால் அம்பயர், ஜெயித்தால் திறமை. ஆட்டத்தையும் முடிவையும் பிரித்துப் பார்ப்பதுதான் விமரிசனத்தின் முதல் வேலை. நல்ல ஆட்டம் தோற்கலாம், சுமாரான ஆட்டம் தப்பிக்கலாம். இதை ஒத்துக்கொள்ளாதவரை நாம் ஆட்டக்காரனைப் பார்க்கவில்லை, ஸ்கோர்போர்டைத்தான் பார்க்கிறோம்.

இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு தகுதி உண்டு என்பது வேறு விஷயம். ஒரு மே மாதம், பக்கத்து ஊர்ப் பையன்களோடு ஃபைனல். நான் அம்பயர். நண்பன் ரன் அவுட். குச்சி விழும்போது அவன் பேட் கோட்டுக்கு ஒரு சாண் வெளியே இருந்தது. நன்றாகப் பார்த்தேன். “நாட் அவுட்” என்றேன். பௌலர் சண்டைக்கு வரவில்லை. “நீ பாத்தல்லா?” என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனான். நாங்கள் ஜெயித்தோம்.

இருபது வருடங்களுக்கு மேலாக நண்பன் அந்த இன்னிங்ஸைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். சொல்லும்போது நான் டீயைக் குடித்துக்கொண்டிருப்பேன். சிட்னியைப் பற்றி அவனிடம் எவ்வளவோ வாதாடியிருக்கிறேன். அந்த வயலைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.